காந்தத்துக்குப் பிடிக்காத இரும்பு

ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் பேராசிரியருக்கு வைத்திருந்த பெயர் பச்சை சார். எதைச் செய்தாலும் அதற்குப் ‘பசுமை முறை’ என்று பட்டம் சூட்டிவிடுவார். சரக்கு என்னவோ இவ்வளவுதான்: தேயிலைச் சாற்றை வடித்து இரும்பு உப்புக் கரைசலில் ஊற்றுவது. மஞ்சளாக இருந்தது கண் மூடித் திறப்பதற்குள் கறுத்துவிடும்.

“பாத்தியா, இரும்பு நானோ துகள்! ரசாயனமே இல்ல, எல்லாம் இயற்கை!” என்பார்.

ஆமாம், இரும்பு உப்பு மரத்தில் காய்த்தது பாருங்கள்! அந்தக் கறுப்பைக் கழுவ ஆறு லிட்டர் ஆல்கஹால். கழுவியது நேரே சிங்க்கில். காயவைக்க மூன்று நாள் ஓயாமல் ஓடும் மின் அடுப்பு. அடடா, என்ன பசுமை, என்ன பசுமை!

அங்கே மூத்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருந்தாள்; அவரிடம் சேர்ந்து அவளுக்கு ஐந்து வருஷம் ஓடிவிட்டது. அவள் கிளம்பும்போதெல்லாம் மாமியார் கேட்பாள்: “அஞ்சு வருஷமா அங்க போய் டீ போட்டுட்டு வர்ற. அதுக்கு ஒரு டாக்டர் பட்டம் வேற தருவாங்களா?”

அத்தை சொல்வதில் பாதி உண்மை என்று அவளுக்குத் தெரியும். மீதிப் பாதியும் உண்மை என்று அந்தக் கறுப்புக்கு அருகில் காந்தத்தைக் கொண்டுபோன அன்று தெரிந்தது.

“சார், காந்தத்துல ஒட்டவே மாட்டேங்குது. தேயிலைத் துவர்ப்போட இரும்பு சேந்தாலே கறுக்கும். இது வெறும் எழுதுற மையா இருக்குமோ?”

“நானோன்னா அப்படித்தான்மா. உனக்குப் பட்டம் வேணுமா, காந்தம் வேணுமா?”

காந்தத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். அவர்மேல் இருந்த இளக்காரத்தில் கொஞ்சம் அன்றே தன்மேலும் வந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் அம்மா வந்திருந்தார். பச்சை சார் தானே ஊற்றி, கறுக்கவைத்து, தானே கைதட்டினார்.

“சாயக் கழிவைச் சுத்தம் பண்ணும் மேடம், மண்ணைச் சுத்தம் பண்ணும், புண்ணை ஆத்தும்...”

விட்டால் துணி துவைத்து மடித்தும் வைக்கும் என்பார் போலிருந்தது.

தேர்வாளர் அம்மா அறிவிப்புப் பலகையில் தாளைப் பிடித்திருந்த காந்தத்தைக் கழற்றி, குடுவையில் ஒட்டிப் பிடித்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

“இது இரும்புத் துகள்தான்னு எப்படிச் சொல்றீங்க?”

“கறுப்பாயிடுச்சே மேடம்!”

“என் தலைமுடிகூட ஒரு காலத்துல கறுப்பாத்தான் இருந்துச்சு. நீ சொல்லும்மா, இது என்ன?”

பச்சை சார் கண்ணாலேயே அவளை மிரட்டினார். ‘இரும்பு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலம் அவள் டாக்டர். ஐந்து வருஷம்! ஆனாலும் கண்ணாடிக் குச்சியை எடுத்துக் குடுவையில் தோய்த்து, ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள்: ‘இந்த ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.’ கீழே கையெழுத்தும் போட்டாள். எழுத்து கன்னங்கரேலென்று விழுந்தது.

“அடிப்பாவி!” என்றார் பச்சை சார்.

தேர்வாளர் அம்மா படித்துவிட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். “வழிகாட்டி கையெழுத்தும் வேணும் சார்.”

அவர் சட்டைப்பையில் பேனாவைத் தடவினார்.

“பேனா எதுக்கு சார்?” அவள் குச்சியை மறுபடி தோய்த்து நீட்டினாள். “இதுலயே போடுங்க, நல்லா எழுதுது. இந்த அஞ்சு வருஷத்துல இந்த மை செஞ்ச உருப்படியான வேலை இது ஒண்ணுதான்.”