தண்ணீரில் விழக் கூடாத நிழல்

தண்ணீர் மேல் வெயில் விழுந்தால் உடையும். வானத்திலிருந்து முழுசாகத்தான் வரும். ஓடையைத் தொட்டதும் சில்லுச் சில்லாகச் சிதறும். ஒவ்வொரு சில்லும் துள்ளும்.

பார்ப்பவர்களுக்கு அழகு. தயாளினிக்குப் பயம்.

இன்றைக்கு வெயில் வரக் கூடாது. விடிந்ததிலிருந்து அவள் மனசில் இது ஒன்றுதான். மூடுபனி இருக்கட்டும். மலை தெரியாமல் போகட்டும். வெயில் மட்டும் வேண்டாம்.

நீலகிரியில் குந்தாவுக்கு மேலே, தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடம். ஜீப்புக்கு அதற்கு மேல் பாதை இல்லை. இறங்கி நடந்தார்கள். முன்னால் போஜராஜ், தோளில் இரண்டு தூண்டில். அடுத்து அவள் அண்ணன் நேசன். கடைசியில் சோற்றுத் தூக்கோடு தயா.

போஜராஜ் அண்ணனின் சிநேகிதன். இந்த ஓடையின் ட்ரவுட் மீனெல்லாம் அவனுக்குச் சின்ன வயசுப் பழக்கம். அவன் சித்தப்பாவின் ஜீப்புகள் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலையெல்லாம் ஓடுகின்றன. அதில் ஒன்றுக்குத் திங்கட்கிழமையிலிருந்து நேசன்தான் டிரைவர். போஜன் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இன்றைக்கு மீன்.

“ஏறறப்ப நான் ஓட்டறேன். இறங்கறப்ப நீ ஓட்டு. கொண்டை ஊசி வளைவெல்லாம் கைக்குப் பழகணும்ல,” என்று காலையிலேயே போஜன் சொல்லிவிட்டான்.

நேசன் சிரித்தான். தயா சிரிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். அடுப்படியில் ட்யூப் லைட் விட்டு விட்டு எரிந்தது. சரி செய்ய வந்த நேசன் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். இடது கை சட்டைப் பொத்தானைத் திருகியது. திருகிக்கொண்டே இருந்தது. அண்ணா என்றாள். காதில் விழவில்லை. கை பொத்தானை விட்டது. ஆள் விழுந்தான்.

வெட்டி வெட்டி இழுத்த உடம்பை அவள் ஒருத்திதான் பார்த்தாள். கோயம்புத்தூர் டாக்டர் வலிப்பு என்றார். விட்டு விட்டு வரும் வெளிச்சம் ஆகாது. மினுங்கும் தண்ணீர் ஆகாது. மாத்திரை தவறக் கூடாது. வண்டியைத் தொடவே கூடாது.

திரும்பி வரும் பஸ்ஸில் நேசன் சொன்னான். “யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. அம்மாகிட்டகூட.”

தலையாட்டினாள். சொல்லாமல் இருப்பது அவளுக்குச் சுலபம். கடையில் தீப்பெட்டி கேட்கக்கூட நாக்கு எழாத பெண் அவள்.

இன்று காலையில் அவன் தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டையைப் பார்த்தாள். புது அட்டை. ஒரு குழிகூடக் கிழியவில்லை. “தூக்கமா வருது பாப்பா. தூங்கி வழியறவனுக்கு யாரு சாவி குடுப்பா?” என்றான்.

அதனால்தான் கூட வந்தாள். ஷாலைப் போர்த்திக்கொண்டு, கூப்பிடாமலே, வந்து ஜீப்பில் உட்கார்ந்தாள்.

ஓடை குளிர்ந்து கிடந்தது. பனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. எங்கே பனி முடிகிறது, எங்கே தண்ணீர் தொடங்குகிறது, தெரியவில்லை. நல்லது. இப்படியே இரு. இப்படியே இரு.

போஜன் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே பூச்சிகள். கொக்கியில் கோழிக் கழுத்து இறகைச் சுற்றி நூலால் கட்டின பொய்ப் பூச்சிகள். இந்தத் தூண்டிலுக்குப் புழு கிடையாது, தக்கை கிடையாது. கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, பூச்சி தானாகவே வந்து உட்கார்ந்ததுபோல் தண்ணீரில் இறக்க வேண்டும்.

“சத்தம் கூடாது,” என்றான் போஜன். “அதைவிட நிழல் கூடாது. தண்ணியில ஆள் நிழல் விழுந்துச்சுன்னா கொக்கு வந்துருச்சுன்னு மீன் ஓடிரும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்த மடுவுல ஒண்ணும் கிடைக்காது.” பிறகு அவளைப் பார்த்தான். “தயா மீன் பிடிக்கன்னே பொறந்தவ. வாயத் திறக்க மாட்டா. உங்கண்ணன்தான், அவன் பேச்சுக்கு மீனு காதப் பொத்திக்கும்.”

“மீனுக்கு ஏதுடா காது?”

“உன்கூடப் பழகினா முளைக்கும்.”

தொடை அளவு தண்ணீரில் இறங்கினான் நேசன். ஓடை வரும் திசையைப் பார்த்து நின்றான். கிழக்கு. வெயில் வந்தால் நேரே அவன் முகத்துக்குத்தான் வரும்.

கயிறு காற்றில் வளைந்தது. நிமிர்ந்தது. மறுபடி வளைந்தது. நேசனுக்கு அது எப்படியோ கைவந்தது. முகத்தில் சின்னப் பையனின் சிரிப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அவள் பார்க்காத சிரிப்பு.

அவள் மீனைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தாள். அண்ணனின் இடது கையைப் பார்த்தாள். வானம். கை. வானம். கை.

பனி முதலில் வெளுத்தது. பிறகு மெலிந்தது. எதிர் மலையில் ஒரு மரம் தெரிந்தது. வேண்டாம் என்றாள் மனசுக்குள். இன்னொரு மரம் தெரிந்தது. வேண்டாம், வேண்டாம்.

வெயில் வந்தது.

கல்லுக்குக் கல் தாவி ஓடிய தண்ணீர் முழுக்கத் தீப்பிடித்ததுபோல் ஆனது. கோடி சில்லு. அத்தனையும் துள்ளின. அத்தனையும் நேசனின் கண்ணுக்கு நேராக.

கீழ் மடுவில் நின்ற போஜன், “இப்ப வரும் பாரு,” என்று மெல்லச் சொன்னான். மீனைச் சொன்னான்.

நேசனின் இடது கை மெதுவாக மேலே போனது. சட்டைப் பொத்தானைத் தொட்டது. திருகியது.

கூப்பிட வாய் திறந்தாள். குரல் இல்லை.

கால் ஓடியது. கரையோரமாக, ஈரப் பாறை மேல், அவனைத் தாண்டி, மேலே, கிழக்கே. மடுவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த பாறையில் ஏறினாள். வெயிலுக்கு முதுகு காட்டி நின்றாள். ஷாலை இரண்டு கையாலும் விரித்து உயரப் பிடித்தாள்.

நிழல் விழுந்தது. தண்ணீர் முழுக்க, கரிய பெரிய நிழல். சில்லெல்லாம் அணைந்தன. மடுவுக்குள் மீன்கள் நாலாபக்கமும் தெறித்து ஓடின.

“தயா, நிழல். நிழல்,” என்று பல்லைக் கடித்தான் போஜன்.

அவள் அசையவில்லை. நேசன் ஏற்கெனவே வீசியிருந்த கயிறு காற்றில் வந்தது. பொய்ப் பூச்சி ஷாலில் மாட்டியது. அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவே கயிறு விறைத்து நின்றது. அந்த இழுப்பில் அவன் கண் கொட்டினான். பொத்தானிலிருந்து கை இறங்கியது. நிழலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

தண்ணீரில் இறங்கினாள். குளிர் எலும்பைப் பிடித்தது. கயிற்றைப் பிடித்துப் பிடித்து அவனிடம் போனாள். இடுப்பு பெல்ட்டில் கை கோத்துக்கொண்டாள். கண் தெரியாதவனை நடத்துவதுபோல் கரைக்கு நடத்தி உட்கார வைத்தாள்.

போஜன் தூண்டிலைக் கல்லில் சாய்த்துவிட்டு ஓடிவந்தான். “என்னடா ஆச்சு?”

“தலை சுத்திருச்சு. காலையில ஒழுங்கா சாப்பிடல.” கண்ணைத் திறக்காமலே சிரிக்கப் பார்த்தான் நேசன்.

“நல்ல ஆளுடா நீ. சரி, சோத்தத் தின்னுட்டுக் கிளம்புவோம். இனி இங்க மீனு வராது. இந்தா, இப்பவே வச்சுக்கோ.”

ஜீப் சாவியை நீட்டினான். நேசன் கண் திறந்தான். கை நீட்டினான்.

அந்தக் கையைப் பார்த்தாள் தயா. கொஞ்சம் முன்னால் பொத்தானைத் திருகின கை. கீழே வளைவுக்கு மேல் வளைவு. வழி நெடுக யூகலிப்டஸ். மரத்துக்கு மரம் நடுவே வெயில்.

“அண்ணனுக்கு வலிப்பு இருக்கு, போஜண்ணா,” என்றாள். “வண்டி ஓட்டக் கூடாது.”

ஓடைக்கரையில் பேசுகிற சன்னக் குரலில்தான் சொன்னாள். சொன்னது போய்ச் சேர்ந்தது.

நேசன் அவளைப் பார்க்கவில்லை. நீட்டின கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

நீட்டின சாவியைப் போஜன் பின்னுக்கு இழுத்தான். “முந்தாநாள் எங்கம்மாவ உட்கார வச்சு ஊட்டி வரைக்கும் ஓட்டினியேடா,” என்றான். கோபமா, அழுகையா, தெரியவில்லை. “சித்தப்பாகிட்ட நான் பேசிக்கறேன். வண்டிக்கு வேற ஆளுதான்.”

சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். தயாவின் ஷாலில் மாட்டியிருந்த கொக்கியை, நூல் ஒன்றும் இழுபடாமல், பொறுமையாகக் கழற்றினான்.

சோற்றை யாரும் திறக்கவில்லை.

வரும்போது முன் சீட்டில் இருந்த நேசன் போகும்போது பின்னால் ஏறினான். தயாவுக்குப் பக்கத்தில், ஆனால் ஒரு ஆள் இடம் விட்டு. முகம் வெளியே. பாப்பா என்று கூப்பிடவில்லை. இனி எப்போது கூப்பிடுவான், தெரியாது.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. மரங்கள் தொடங்கின. வெயில், நிழல். வெயில், நிழல். ஜீப்புக்குள் வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது.

அவள் கை தானாக ஷாலுக்குப் போனது. அதற்குள் அவன் கை வந்துவிட்டது. அவளைப் பார்க்காமலே, ஒரு வார்த்தை பேசாமல், ஷாலின் ஈர நுனியை இழுத்தான். அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

வெயில் வந்து ஈரத் துணி மேல் விழுந்தது. உடைந்தது. விழுந்தது. உடைந்தது. மலை இறங்கும்வரை உடைந்துகொண்டே வந்தது.