இரண்டு முறை விழுந்த குடம்

தாராவியில் வீட்டிலிருந்தே பர்ஸ் தைக்கும் சஃபீனாவுக்கு, போனில் லூடோ ஆடப்போய்க் கிடைத்த தோழி ‘நிலா’. முகமோ நிஜப் பெயரோ கேட்டுக்கொண்டதில்லை, பேச்சுதான். குழாயடியில் தினமும் மல்லுக்கு நிற்கும் பக்கத்து வீட்டு அன்னமேரியை நினைத்து, பெயர் சொல்லாமல் சஃபீனா குமுறும்போதெல்லாம், “அவ கெடக்கா, விடு புள்ள” என்று தேற்றுவதும் நிலாதான்.

அன்று ஆட்டத்தின் நடுவே, சுவருக்கு அப்பால் குடம் ஒன்று தடாலென்று விழுந்தது. ஒரு நொடி கழித்து அதே குடம் இயர்போனிலும் விழுந்தது.

சஃபீனா அன்னமேரி வீட்டுப் பக்கத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். யா அல்லா, அந்த நாசமாய்ப் போன தொண்டைக்குள்ளா இத்தனை பிரியம் இருந்தது!

“கொடம் உருண்டுட்டு புள்ள. பக்கத்து வீட்டுக்காரி இதுக்கும் சண்டைக்கு வருவா,” என்றாள் நிலா. “நீ ஒருத்தி இருக்கப்போய்தான் அவ பக்கத்துல காலந்தள்ளுதேன்.”

சுவரில் சாய்ந்திருந்த சஃபீனா, அந்தப் பக்கம் சத்தம் கேட்டுவிடாதபடி முதுகை மெல்ல விலக்கிக்கொண்டாள்.