மெமரி டீச்சர்

கம்ப்யூட்டர் மலைக்கு வந்த அன்றைக்குத் தலைமையாசிரியர் கோபால்சாமி செய்த முதல் வேலை, அதைத் தன் அறையில் வைத்துப் பூட்டியதுதான். எண்பத்தைந்தாம் வருஷம் அது. பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் சர்க்கார் திட்டத்தில், எந்தப் புண்ணியவான் பேர் எழுதினானோ, ஜவ்வாது மலை உறைவிடப் பள்ளிக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. விடுதி அரிசி மூட்டைகளோடு மூன்று அட்டைப் பெட்டிகள் ஜீப்பில் ஏறி வந்து இறங்கின. மலையில் கரண்ட் உண்டு. ஆனால் பல்பு எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். ஸ்டெபிலைசர் வரும் வரை பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

பிரிக்காத பெட்டியை வைத்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டியவர் கணக்கு வாத்தியார் அருணகிரி. செங்கத்துக்காரர். வேலூரில் மூன்று வாரம் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். கரும்பலகையில் படம் போட்டுப் பார்த்தார், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இது வேலைக்கு ஆகாது என்று ஒரு நாள் எல்லாரையும் மைதானத்துக்குக் கூட்டிவந்து, பிள்ளைகளையே கம்ப்யூட்டர் ஆக்கிவிட்டார்.

எட்டாம் வகுப்பு மாதையனுக்குத் தொண்டை பெரிது. அவன் கீ போர்டு. வெளியே இருந்து யார் எதைச் சொன்னாலும் அவன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வாய்க்கணக்கில் கெட்டிக்காரனான லட்சுமணன் மூளை, அதாவது பிராசஸர். கரும்பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வந்ததைச் சாக்பீஸால் எழுதிக் காட்டும் பாஞ்சாலை திரை. சிலேட்டும் குச்சியுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த பச்சையம்மா டிஸ்க். எல்லாவற்றையும் மனதில் வாங்கி, கேட்டபோது எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அதுதான் மெமரி. பிள்ளைகளில் ஒருவரும் தேறவில்லை. அருணகிரியின் கண் தையல் டீச்சர் திரௌபதி மேல் போனது.

திரௌபதி நெல்லிவாசல் நாட்டுப் பெண். அந்தப் பள்ளியில் வேலை பார்த்தவர்களில் மலையில் பிறந்தவள் அவள் ஒருத்திதான். விடுதியில் இருக்கிற அத்தனை பிள்ளைகளின் பேரும், ஊரும், யாருக்கு எந்தச் சட்டையில் பொத்தான் இல்லை என்பதும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் தையல் டீச்சரை யாரும் டீச்சர் கணக்கில் வைப்பதில்லை. ஆசிரியர் கூட்டம் நடக்கும்போது டீ கொண்டுவந்து வைப்பவள் அவள். கூப்பிட்டார்களே என்று போய் நின்றாள்.

அருணகிரி விதிகளைச் சொன்னார். மெமரி தானாக வாய் திறக்கக் கூடாது, கேட்டால்தான் பேச வேண்டும். கீ போர்டு ‘சேவ்’ என்று சொன்னால், மெமரியில் இருப்பதை டிஸ்க் சிலேட்டில் எழுதிக்கொள்ளும். கரண்ட் போய்விட்டால் திரை அழிந்துவிடும், மெமரி எல்லாவற்றையும் மறந்துவிடும். சிலேட்டில் எழுதியது மட்டும் நிற்கும். கரண்ட் யார்? அதற்குக் கோபால்சாமியை விட்டால் வேறு ஆள் ஏது. மேஜையில் இருந்த கைமணியை எடுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார். மணி அடித்தால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

திரௌபதிக்கு அந்த விளையாட்டு பிடித்துவிட்டது. எழுதாமல் விட்டது போய்விடும், எழுதியது நிற்கும் என்பது, அடியில் பாபினில் நூல் இருக்கிறதா என்று பார்க்காமல் மிஷினை ஓட்டி, தையல் நிற்காமல் போனவளுக்குப் புரிகிற மாதிரி, சட்டென்று புரிந்தது. பெட்டிக்குள் நிஜமாகவே இப்படித்தான் நடக்கிறதா என்று அருணகிரியைத் துளைத்தெடுத்தாள். அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததற்கு, “அதெல்லாம் வேலூர்ல போய்க் கத்துக்கணும் டீச்சர்” என்றார். பள்ளிக்கு இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்பலாம், இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது என்றும் சொன்னார். அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஆசை வந்து ஒட்டிக்கொண்டது. இதைக் கற்றால் சம்பளம் கூடும் என்றெல்லாம் இல்லை. ஒரே ஒரு தடவை, இந்தப் பள்ளி தன்னை ஒரு டீச்சர் என்று சொல்லி எங்காவது அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு நாள் கோபால்சாமி நல்ல குஷியில் இருந்தார். “இன்னிக்கு நீங்களே ஏதாவது உள்ளார போடுங்க சார்” என்றார் அருணகிரி.

“போட்டுட்டா போச்சு. டேய் மாதையா, அடிடா. அடுத்த தபா வேலூர் டிரெய்னிங்குக்குப் போறது நம்ம திரௌபதி டீச்சர்!”

மாதையன் தொண்டை கிழியக் கத்தினான். பாஞ்சாலை கரும்பலகையில் எழுதினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். திரௌபதிக்கு ‘சேவ்’ சொல்லச் சொல்லுங்க சார் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஆனால் மெமரி தானாகப் பேசக் கூடாதே. அருணகிரி சிரித்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டிலிருந்து சாமைச்சோற்று வாசனை வந்தது. கோபால்சாமி மணியை அடித்துவிட்டார்.

“கரண்ட் பூட்ச்சு! எல்லாரும் துன்னப் போங்க!”

பாஞ்சாலை பலகையை அழித்தாள். பச்சையம்மாவின் சிலேட் வெறுமையாக இருந்தது. இருந்தாலும் திரௌபதி நம்பினாள். அத்தனை பேர் எதிரில் சொன்ன சொல். அந்த வாரமே துணி வாங்கி, ரொம்ப நாளைக்கு அப்புறம் தனக்கென்று ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டாள்.

உத்தரவு வந்தபோது அதில் இருந்த பேர் டிரில் மாஸ்டர் ராஜேந்திரன். நல்ல மனிதர்தான், ஒரு குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் மேல் அவருக்கு ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் பின் சீட்டில்தான் கோபால்சாமி சனிக்கிழமை தோறும் மலை இறங்கி வீட்டுக்குப் போவார்.

திரௌபதி அவர் அறை வாசலில் போய் நின்றாள். “சார், நீங்க சொன்னீங்களே...”

“இன்னாம்மா சொன்னேன்?”

“வேலூருக்கு நான்னு. மைதானத்துல.”

கோபால்சாமி நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வந்ததும் சிரித்துவிட்டார். “அட, அதுவா! அதான் கரண்ட் பூட்ச்சேம்மா. நீதான் மெமரி, உனுக்கே மறந்து போயிருக்கணுமே!” அவர் கேலி செய்யவில்லை, அவருக்கு அது நல்ல தமாஷாகவே பட்டது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். கோபத்தோடு வந்து தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள், ஒரு தையலும் போடவில்லை.

மறுநாளும் மைதானத்தில் மெமரியாகப் போய் நின்றாள். பிள்ளைகள் கூப்பிட்டார்கள், போனாள். அவர்கள் இப்போது அவளை மெமரி டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ராஜேந்திரன் போனார், வந்தார். ஸ்டெபிலைசரும் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்து, கீ போர்டையும் திரையையும் டிஸ்க் பெட்டியையும் ஒயரால் இணைத்து, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டார்கள். அடுத்த வாரமே வேலூரிலிருந்து திட்ட அதிகாரி ஒருவர் பார்வையிட வந்துவிட்டார். ராஜேந்திரன் கீ போர்டைத் தட்டித் தன் பேரைத் திரை முழுக்க வரவழைத்தார். அதிகாரி தலையாட்டினார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“இந்த மிஷின்ல மெமரி எங்கே இருக்கு? யாராவது சொல்லுங்க பார்ப்போம்.”

அந்த மிஷினில் மெமரி கீ போர்டுப் பெட்டிக்குள்ளேயேதான் இருந்தது; ராஜேந்திரன் அதன் மேல் மெல்ல விரலை வைத்து ஜாடை காட்டினார். ஒரு பிள்ளையும் அதைப் பார்க்கவில்லை. அத்தனை கைகளும் கதவோரம் டீத் தட்டுடன் நின்ற திரௌபதியைக் காட்டின.

“அதோ கீறாங்களே சார். மெமரி டீச்சர்!”

கோபால்சாமிக்கு வியர்த்துவிட்டது. அருணகிரி தடுமாறிக்கொண்டே விளையாட்டை விளக்கினார். அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. எங்கே, ஆடிக் காட்டுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். மாதையனும் லட்சுமணனும் தத்தம் இடத்தில் நின்றார்கள். பாஞ்சாலை கரும்பலகையை எடுத்தாள், பச்சையம்மா சிலேட்டோடு தரையில் உட்கார்ந்தாள். கோபால்சாமி பழக்கதோஷத்தில் மணியைக் கையில் எடுத்தார். திரௌபதி தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“சரி, மெமரியையே கேட்போம். இப்போ உங்ககிட்ட என்னம்மா இருக்கு?” என்றார் அதிகாரி.

கேட்டால் சொல்ல வேண்டும். அதுதான் விதி.

“அடுத்த தபா வேலூர் டிரெய்னிங்குக்குப் போறது திரௌபதி டீச்சர். எச்செம் சார் போட்டது, சார்” என்றாள்.

கோபால்சாமி அவசரமாகச் சிரித்தார். “அது எப்பவோ வெளையாட்டுக்குச் சொன்னது சார். அப்பவே கரண்ட் பூட்ச்சு. கணக்குப்படி அது இருக்கவே கூடாது.”

“மிஷினுக்குத்தாங்க சார் போவும்,” என்றாள் திரௌபதி. “நான் மனுஷிங்களே.”

அதிகாரி அவளைப் பார்த்தார், ராஜேந்திரனைப் பார்த்தார், கடைசியில் கோபால்சாமியைப் பார்த்தார். “தை மாசம் இன்னொரு பேட்ச் இருக்கு. உங்களுக்கு ஒரு சீட் தரலாம். யாரை அனுப்பறீங்க?”

“பார்த்துச் சொல்லி அனுப்பறேன் சார்.”

அந்தப் பதிலைத் திரௌபதி அறிவாள். பார்த்துச் சொல்கிறேன் என்பது சிலேட்டில் ஏறாமல் மைதானத்திலேயே போய்விடுகிற சொல். மெமரி தானாகப் பேசக் கூடாது என்ற விதியை அவள் அப்போதுதான் முதல் தடவையாக மீறினாள்.

“மாதையா, சேவ் அடி.”

மாதையன் தலைமையாசிரியரைப் பார்த்தான். பிறகு டீச்சரைப் பார்த்தான். மூச்சை இழுத்துப் பிடித்து, “சேவ்!” என்று கத்தினான்.

பச்சையம்மா குனிந்து எழுத ஆரம்பித்தாள். அவளுக்கு எழுத்து நிதானம், ஒவ்வொன்றும் கத்திரிக்காய் பெரிசு. வேலூர் என்று முடிப்பதற்குள் சிலேட்டில் ஒரு பக்கம் தீர்ந்துவிட்டது. திருப்பி வைத்துக்கொண்டு, குச்சியை நாக்கில் தொட்டுக்கொண்டாள். அறையில் இருந்த எல்லாருடைய கண்ணும் கோபால்சாமியின் கையில் இருந்த மணி மேல் இருந்தது. அதிகாரியின் கண்ணும்தான்.

கோபால்சாமியும் மணியைக் குனிந்து பார்த்தார். தவறிக்கூட அடித்துவிடாதபடி அதன் நாக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பச்சையம்மா எழுதி முடிக்கும் வரை அப்படியே நின்றார்.