கிங்ஸ்டனிலிருந்து வந்த அழைப்பு

மாப்பிள்ளை வீட்டார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். யார் என்று நிலாணிக்குத் தெரியும். எடுக்காதே என்று அப்பா இராஜரட்ணம் கண்ணால் சொன்னார்.

நிலாணியின் அக்கா யோகராணி, கழுத்தை நெரித்த கணவனைக் கறிக்கத்தியால் குத்தியிருந்தாள். அவன் பிழைத்துவிட்டான். அவளுக்கு நாலு வருசத் தண்டனை. கனடாவில் இரண்டு வருசமோ அதற்கு மேலோ என்றால் மத்திய அரசின் சிறை. பெண்களுக்கு அப்படிப்பட்டது தொண்ணூற்று மூன்றில் கிங்ஸ்டனில் மட்டுந்தான் இருந்தது. ரொறன்ரோவிலிருந்து பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். நிலாணி மட்டும் போய் வருவாள். ஊருக்குச் சொல்லியிருந்தது, மூத்தவள் ஜெர்மனியில் என்று.

நிலாணி எழுந்து போய் எடுத்தாள். சிறையிலிருந்து அழைப்பு, காசு உங்கள் கணக்கில், சம்மதமா என்று ஒப்பரேட்டர் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யெஸ்."

"நிலா, என்னடி செய்யிறாய்?"

"என்னைப் பொம்பிளை பாக்க வந்திருக்கினம் அக்கா."

"விசரே உனக்கு? அப்ப ஏன் எடுத்தனீ? வை!"

"வைக்கமாட்டன். நீ போனுக்கு எவ்வளவு நேரம் வரிசையிலை நிண்டிருப்பாய்."

வரவேற்பறையில் பேச்சு நின்றிருந்தது. "ஆர் பிள்ளை போனிலை?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

"மூத்தவள். ஜெர்மனியிலை" என்றார் இராஜரட்ணம்.

நிலாணி ரிசீவரைக் கையால் பொத்தவில்லை. "ஜெர்மனி இல்லை அன்ரி. கிங்ஸ்டன் ஜெயில். அக்காவைப் புருசன் சாக்கொல்லப் பாத்தான், குத்திப்போட்டா. குத்தாட்டி இண்டைக்கு அக்கான்ரை படத்துக்கு மாலை போட்டிருப்பம்."

அந்த அம்மா கோப்பையை வைத்தார். மாப்பிள்ளை சச்சிதானந்தன் மிசிசாகாவில் வேலை செய்பவன், வந்ததிலிருந்து நன்றாகச் சிரித்துப் பேசியவன். இப்போது கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெளியிலை தெரியாமலிருந்தால் நாங்கள் யோசிக்கலாம்" என்றார் அவனுடைய தகப்பன்.

"தெரியட்டும் அங்கிள். அக்கா வந்து நிக்காத கலியாணம் எனக்கு வேண்டாம்."

அவர்கள் சப்பாத்துப் போடும் வரைக்கும் அவள் அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். யோகராணி அந்தப் பக்கம் அழுதாள், திட்டினாள், பிறகு மாப்பிள்ளை எப்படி என்று கேட்டாள். "மூக்கு வடிவு. முதுகெலும்புதான் இல்லை" என்றாள் நிலாணி. லைன் அறுந்தது.

"குடும்ப மானத்தை வித்துப்போட்டாய்!" என்று இராஜரட்ணம் கத்தினார்.

"அக்கான்ரை கழுத்திலை கைவிரல் அடையாளம் கிடந்ததை நீங்களும் பாத்தனீங்கள் அப்பா. அப்ப எங்கை போனது மானம்?"

அதுவரை சமையலறை வாசலில் நின்ற அம்மா, பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டே, "அடுத்த முறை கிங்ஸ்டனுக்கு நானும் வாறன்" என்றாள்.

"போனால் இந்த வீட்டுக்குத் திரும்பி வராதை."

"அப்ப சமையலைப் பழகுங்கோ."

சிறையில் மகளைப் பார்க்க அம்மாவுக்கு அனுமதி கிடைக்க மாதங்கள் எடுத்தன. இராஜரட்ணம் அவளோடு பேசாமலே சாப்பிட்டார், கதவைப் பூட்டவில்லை. பங்குனியில் ஒரு சனிக்கிழமை அம்மாவும் நிலாணியும் பஸ் ஏறினார்கள். சிறை வாசலில் காவல்காரி, கைதிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். நிலாணி மொழிபெயர்க்க வாய் திறந்தாள். அம்மா அவளைக் கையால் தடுத்தாள்.

"மை டோட்டர்" என்றாள், வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி.