சோதனை டேப்பில் ஒரு சுற்று

நான் பௌதிகம் நடத்துகிற காலேஜ் வாசலுக்கே மீரான் வந்து நின்றான். வியாபார நேரத்தில் கடையைப் பூட்டுகிற ஆள் இல்லை அவன்.

"வையிறதா இருந்தா இங்கயே வஞ்சிரு மாப்ளே. கடைக்கு வந்தா மிஷினை ஒடச்சிருவ."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவனுக்கு மைக்செட் கடை. அறுபத்தொன்றில் ஒரு ஜெர்மன் டேப்ரிக்கார்டர் வாங்கினான். டேப் விலை அதிகம். அதனால் மைக்கைச் சோதிக்க ஒரே சுருள்தான். ஒருவர் பேசியதை அழித்து அதன் மேலேயே அடுத்தவர் பேசுவார். அதில் கடைசியாகப் பேசியது என் மனைவி சகாயசெல்வி. கொஞ்ச நாளில் காய்ச்சலில் போய்விட்டாள். மீரான் அதற்குப்பின் அந்தச் சுருளைத் தொடவில்லை. போட்டுக் கேட்க எனக்கும் தெம்பில்லை. ஒன்றரை வருஷம் டப்பாவில் கிடந்தது.

"தாடிக்கொம்பு கோயிலுக்கு மைக் போகுது. அவசரத்துல கை பழையபடி அந்த டப்பாவுக்கே போயிருச்சு. தங்கச்சி பேசுன அம்புட்டு மேலயும் நான் கத்தி வச்சிட்டேன்."

வேறெங்கும் அவள் குரல் இல்லை.

"எதுவரைக்கும் கத்துன?"

"அவ முடிக்கிற எடம் வரைக்கும். அப்புறம் வெறும் டேப்பு."

"வா, போவோம்."

"வைய மாட்டியா?"

"கேட்டுட்டு வையிறேன்."

வழியில் சொன்னேன். டேப்பில் பூசியிருப்பது துருப்பொடி. மின்சாரத்தைக் கடத்தாது, காந்தத்தைப் பிடித்துக்கொள்ளும். சுற்றோடு சுற்று ஒட்டிக் கிடந்தால் ஒன்றின் காந்தம் மெல்ல அடுத்ததில் படியும். அவள் கடைசியாகச் சொன்னது அப்படிப் படிந்திருந்தால், அவள் முடித்த இடத்துக்கு மேல் கிடந்த சுற்றில் இருக்கும்; அதை மீரான் அழிக்கவில்லை.

"அந்தப் பேய்ச்சத்தமா? அதுக்குத்தான டேப்பு கம்பெனிக்காரனை நாள் பூரா வஞ்சுக்கிட்டிருக்கேன்!"

"இன்னிக்கி மட்டும் வையாத."

கடையில் டேப் ஓடியது. "ஹலோ, ஹலோ, தாடிக்கொம்பு" என்று அதில் மீரான் கதறினான்.

"கழுதை," என்றான் மீரான், தன்னையே.

அவன் கதறல் முடிந்தது. சத்தத்தை முழுக்கத் திருகினேன். இரைச்சல். அதற்கு அடியில், அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல்:

"...அவரு பாடுறேம்பாரு. மைக்கை மட்டும் குடுத்துராதீங்கண்ணே."

அவ்வளவுதான்.

மீரான் சிரித்தான். பிறகு மூக்கைச் சிந்தினான்.

"மறுபடி போடவா?"

"ஓட்ட ஓட்டத் தேயும்."

"அப்பப் பூட்டி வச்சிரவா?"

டேப்பைத் திருப்பிச் சுற்றினேன்.

"போடு," என்றேன்.

இரண்டாம் முறை 'பாடுறேம்பாரு' இரைச்சலில் போய்விட்டது. 'குடுத்துராதீங்கண்ணே' மட்டும் கேட்டது.

மீரான் எழுந்து, மேசைமேல் இருந்த மைக்கை எடுத்து எனக்கு எட்டாத தூரத்தில் வைத்தான்.