எழுபதுக்கு எத்தனை

பழைய நாணயங்களுக்குத் தரம் போடும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுவதும் விளக்கடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு காசையும் லென்ஸில் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். கூட வேலை செய்பவர்கள் அவளைப் ‘பூதக்கண்ணாடி’ என்று கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு எதையும் உற்றுப் பார்க்கப் பிடிக்காது. ஊசியில் நூல் கோர்ப்பதைக்கூடக் கணவரிடம் தள்ளிவிடுவாள்.

அப்படியொரு ஞாயிறன்று அண்ணன் வந்தான். லாரி ஓட்டுபவன். பழைய இரும்புக் கடையில் குப்பையோடு கிடந்த ஒரு வெள்ளிக் காசைப் பொறுக்கி எடுத்திருந்தான். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் பாய்மரக் கப்பல்.

“பாத்துச் சொல்லு. தேறுமா?”

அவள் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காசை ஒருமுறை சாய்த்துப் பார்த்தாள். கப்பலின் மேல் வெளிச்சம் சக்கரம் மாதிரிச் சுழன்றது. பாயின் மேட்டில் மட்டும் லேசான தேய்மானம். கொடிமரத்தில் ஒரு சின்ன வெட்டு.

“நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மங்கியிருக்கு, அவ்வளவுதான்” என்று பேச்சை முடிப்பதற்காகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சில வாரம் கழித்து அவள் மேஜைக்கு வந்த தட்டில் அந்தக் கப்பல் இருந்தது. உறையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் கொடிமரத்து வெட்டு தெரிந்தது. அண்ணன் அவளிடம் சொல்லாமலே அனுப்பியிருக்கிறான். காசைச் சாய்த்தாள். வெளிச்சம் சுழலவில்லை, அப்படியே நின்றது. வெள்ளி வெளேரென்றிருந்தது. லென்ஸில் பார்த்தால், ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள்.

“இது எனக்குத் தெரிஞ்சவங்க காசு சார். நான் மார்க் போடக் கூடாது.”

“கஞ்சன்கிட்ட குடுத்துடுங்க” என்றார் அவர்.

கஞ்சனும் அவளைப் போலத் தரம் போடுபவர்தான்; அரை மார்க் கொடுக்கவும் அழுவார் என்பதால் அந்தப் பெயர். காசைப் பார்த்ததும் சிரித்தார்.

“யாரோ மகராசன் இதுக்குப் பல்லு வெளக்கி விட்டிருக்கான்.”

சீட்டில் ‘தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதினார். அப்படி எழுதினால் மார்க் கிடையாது.

சாயங்காலம் அவள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னாள்.

“நீதானே மங்கியிருக்குன்னு சொன்ன. பற்பசை போட்டு மத்தியானம் பூரா தேச்சேன். என்னமா மின்னுச்சு தெரியுமா.”

“அந்த மங்கல் அழுக்கு இல்லண்ணா. அது காசோட தோலு. நான்தான் வெவரமா சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்.”

“பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்ச கதைதான்” என்று உள்ளே இருந்து அண்ணி சொன்னாள். “தேய்க்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

“நீ சும்மா இரு” என்ற அண்ணன் தங்கையிடம் திரும்பினான். “விக்கிறதுக்கு ஒண்ணும் அனுப்பல. அந்தக் குப்பையில எல்லாரும் தாண்டிப் போனாங்க, நான் ஒருத்தன்தான் எடுத்தேன். எனக்கும் கண்ணு இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்னு பாத்தேன். தேய்க்காம இருந்திருந்தா நீ எத்தனை போட்டிருப்ப?”

குறைத்துச் சொன்னால் அவனுக்கு இன்று ராத்திரி தூக்கம் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் கேட்பது காசைப் பற்றி இல்லையே.

“அம்பத்தெட்டு. கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருப்பேன்.”

“அம்பத்தெட்டா.” அவன் முகம் மலர்ந்து, உடனே வாடியது. “அப்ப கண்ணு தப்பு பண்ணல. கைதான் பண்ணியிருக்கு.”

“ஆமா.”

அண்ணன் ஜன்னலைத் திறந்துவிட்டு மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தான். அண்ணி டீ கொண்டு வருவதற்குள், உட்கார்ந்த இடத்திலேயே அவள் தூங்கிப்போயிருந்தாள்.