ஆயுத பூஜையன்று ஓடிய கம்ப்யூட்டர்

பல வருடமாக நான் சதுரங்கப் புதிர்கள் அமைத்து வருகிறேன். வெள்ளை மூன்றே நகர்த்தலில் கறுப்பு ராஜாவை மடக்க வேண்டும் என்கிற மாதிரி. அத்தனையும் ஒரு பழைய செஸ் புரோகிராமுக்குள்தான் இருந்தன. காகிதத்தில் எழுதி வைப்பவர்களைக் கிண்டல் செய்கிறவன் நான்.

போன வாரம் கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு போட்டேன். ஹார்ட் டிஸ்க் மட்டும் பழையது. அன்றிலிருந்து புரோகிராம் ‘மெமரி போதவில்லை’ என்று முரண்டு பிடித்தது. ஆயுத பூஜையன்று காலையில், செஞ்சி கடைத்தெருவில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் யாசர் வந்து, உள்ளேயிருந்த இரண்டு மெமரி (ராம்) கார்டில் ஒன்றைக் கழற்றினார்.

“பழைய புரோகிராம்ண்ணே. இவ்ளோ மெமரிய அதுக்கு எண்ணத் தெரியாது. ஜாஸ்தியா இருந்தா இல்லவே இல்லன்னு நெனச்சிக்கும்.”

அடுத்து டிஸ்கில் இடமில்லை என்றது. போர்டு மாற்றும்போது வேண்டாததை நான் அழித்திருந்ததால் பாதி டிஸ்க் காலி. அதுவும் அதே வியாதிதான். யாசர் வேண்டாத ஃபைல்களைக் கொட்டி அந்த இடத்தை அடைத்தார். புதிர்கள் திரையில் வந்தன. உடனே உள்ளே டிக், டிக் என்று கேட்டது. யாசர் காதை வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது.

“டிஸ்க் போவுதுண்ணே. ஒருதரம் படிச்சிடுச்சி, மறுபடி படிக்காது. இப்ப எல்லாம் மெமரியில மட்டும்தான் இருக்குது. ஆஃப் ஆனா அத்தோட போச்சி.”

“பென் டிரைவ்ல போட்டுடலாமா?”

“புதுசு எல்லாம் பெருசு, இது ஏத்துக்காது. கடையில பழைய சின்னது ஒண்ணு கெடக்கும். தேடி வெக்கிறேன், வாங்க.”

மின்சார ஆபீசுக்குப் போன் போட்டேன். இன்று கரன்ட் போகாது என்றார்கள். யூபிஎஸ்ஸையும் சோதித்தேன். கிளம்பும்போது அடுக்களையிலிருந்த மனைவி ஷோபனாவிடம் கத்தினேன்.

“கம்ப்யூட்டரத் தொடாத.”

தினமும் நான் சொல்கிற வார்த்தைதான் அது. தூசு தட்ட வந்தாலும் சொல்வேன், பக்கத்தில் டம்ளர் வைத்தாலும் சொல்வேன். நின்று காரணம் சொல்ல அன்றைக்கும் எனக்குப் பொறுமையில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். குங்குமம் தடவிய துண்டுகள் சாலையெல்லாம் சிதறிக் கிடக்க, வண்டியை உருட்டித்தான் போக முடிந்தது. வழியெங்கும் அந்த டிக் டிக் காதிலேயே இருந்தது. யாசர் பென் டிரைவைத் துடைத்துக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சாம்பிராணி வாசனை. அரிவாள்மனை, சுத்தியல், தையல் மெஷின் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தன. நடுவில் கம்ப்யூட்டர். யூபிஎஸ்ஸிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றியிருந்தாள். பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலை வரை எடுத்துப் புழங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டேன். திரை வெளுத்தது. டிஸ்க் இல்லை என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

ஷோபனா கற்பூரத் தட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“நாளைக்குப் போடக் கூடாதா? ஒரு வாரமா அதோட நீங்க படற பாடு எனக்குத் தெரியாதா? நல்லா ஓடணும்னு மொதப் பொட்டே அதுக்குத்தான் வெச்சேன்.”

அவள் தட்டை நீட்டினாள். ஒற்றிக்கொண்டேன்.